‘சொத்து ஏதுமில்லை’ என்று எழுதும் கைகள்

‘எதிர்மனுதாரருக்குச் சொத்து ஏதுமில்லை.’

மூன்றே சொல். நாலு வருசம் லேபர் கோர்ட்டுக்கு அலைந்து வாங்கிய உத்தரவைச் செல்லாக்காசாக்க இது போதும்.

திருப்பூரில் மூடிப்போன பனியன் கம்பெனிகளின் தொழிலாளிகளைக் கேட்டுப் பாருங்கள். ஆர்டர் கெடச்சுதா? கெடச்சுது. காசு? அது வரல. கலெக்டருக்கு எழுதினார்கள். கலெக்டர் தாசில்தாருக்கு எழுதினார். தாசில்தார் ஆர்.ஐ.க்கு எழுதினார். ஆர்.ஐ. வி.ஏ.ஓ.வைக் கேட்டார். வி.ஏ.ஓ. கம்பெனி இருந்த வாடகைக் கட்டடத்தைப் போய்ப் பார்த்தார். பூட்டு தொங்கியது. எழுதினார். முடிந்தது கதை.

யாருடைய கதை முடிந்தது? பதினைந்து வருசம் ஓவர்லாக் மிதித்த அருந்ததியப் பெண்ணின் கதை. திண்டுக்கல், தேனி, விருதுநகர்ப் பக்கமிருந்து குடும்பத்தோடு வந்து செக்கிங் டேபிளில் முதுகொடிந்தவர்களின் கதை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தகரக் கொட்டகையில் தங்கித் தைத்தவர்களின் கதை.

முதலாளியின் கதை முடியவில்லை. அது பக்கத்து மாவட்டத்தில் வேறு பெயரில், சம்சாரம் பெயரில், மச்சான் பெயரில் தொடர்கிறது. தாராபுரம் பக்கம் காற்றாலை, வேடசந்தூரில் நூல்மில், பாலக்காட்டில் தோப்பு, பெங்களூரில் அடுக்குமாடி வீடு. டீக்கடை பெஞ்சில் எல்லாருக்கும் தெரிந்த சொத்து, அரசாங்கத்தின் கோப்பில் மட்டும் எப்படிக் காணாமல் போகிறது?

இதைத்தான் பேச வேண்டியிருக்கிறது.

நான் பேங்கில் குமாஸ்தா. கடன் வாங்குகிறவன் யார், அவனுக்கு என்ன இருக்கிறது என்று பார்ப்பது எங்கள் பிழைப்பு. முப்பது வருசத்து வில்லங்கம் பார்க்காமல் எந்த பேங்கும் வீட்டுக்கடன் தராது. மகளிர் குழுவில் முப்பதாயிரம் வாங்கி இரண்டு தவணை தவறிய அம்மணி எந்த லைன் வீட்டில் குடியிருக்கிறாள், அவள் தம்பி எந்தக் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், அவள் ஆடு எத்தனை என்பது வரை கண்டுபிடிக்க ஆள் உண்டு. 2002-இல் வந்த சர்ஃபாசி சட்டம், சொத்தை அடமானமாக வாங்கிய பேங்க் கோர்ட்டுக்குப் போகாமலே கையகப்படுத்த வழி செய்து கொடுத்தது. கடன் கொடுத்தவனுக்குத் தேடும் கண்ணும் உண்டு, எடுக்கும் கையும் உண்டு.

உழைப்பைக் கடனாகக் கொடுத்தவளுக்கு? கூலி பாக்கி என்பது என்னங்க? வட்டியில்லாமல், பத்திரமில்லாமல், முதலாளிக்கு அவள் கொடுத்த கடன். அதை வசூலிக்கும்போது மட்டும் ‘சொத்து ஏதுமில்லை’.

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. பழைய தொழில் தகராறுச் சட்டத்தில் 33-சி பிரிவு இருந்தது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுத் தொகுப்பில் அது 59-ஆம் பிரிவு. நம்பர்தான் மாறியிருக்கிறது. தொழிலாளிக்கு வர வேண்டிய பணத்தை நிலவரி பாக்கியைப் போலவே வசூலிக்க வேண்டும் என்ற சாரம் அப்படியே நிற்கிறது. சொத்து வேறு மாவட்டத்தில் இருந்தால்? 1890-லேயே வெள்ளைக்காரன் வருவாய் வசூல் சட்டம் போட்டு வைத்திருக்கிறான். அதன் 3-ஆம் பிரிவுப்படி ஒரு மாவட்டக் கலெக்டர் இன்னொரு மாவட்டக் கலெக்டருக்குச் சான்று அனுப்பலாம். மாநிலம் தாண்டியும் அனுப்பலாம். அங்கே இருக்கும் கலெக்டர் தன் மாவட்டத்து பாக்கி மாதிரியே அதை வசூலிக்க வேண்டும். வரிப்பணம் ஜில்லா எல்லையைத் தாண்டி ஓடிவிடக் கூடாது என்று அவனுக்கு அவ்வளவு அக்கறை. 130 வருசத்துக்கு மேல் ஆகியும் கூலிக்காரிக்காக அந்தப் பிரிவை எடுத்து வாசிக்க ஒரு கலெக்டர் ஆபீசுக்கும் மனம் வருவதில்லை.

பணக்காரனின் பணம் போனால் அரசு எப்படி ஓடும் என்பதையும் திருப்பூரே பார்த்திருக்கிறது. பாசி நிறுவனத்தை மறந்திருக்க மாட்டீர்கள். அந்நியச் செலாவணி வியாபாரம் என்று ஆசை காட்டி, சுமார் 930 கோடி ரூபாய் திரட்டி, 2009-இல் கவிழ்ந்தது. வழக்கு 2011-இல் சிபிஐ கைக்குப் போனது. 2022 ஆகஸ்டில் கோவை சிறப்பு நீதிமன்றம் இருவருக்குத் தலா 27 ஆண்டு சிறையும், மொத்தம் 171 கோடிக்கு மேல் அபராதமும் விதித்தது. ஏமாந்தவர்களில் ஏழைகளும் இருந்தார்கள். அவர்களைப் பழிக்க வரவில்லை. நான் சுட்டுவது அந்த வழக்குக்கு அடியில் இருந்த சட்டத்தை. 1997-ஆம் வருசத்துத் தமிழ்நாடு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம். அதன்படி அரசே நிறுவனத்தின் சொத்தை முடக்கலாம். நிறுவனத்தின் பணத்தில் வேறு பெயரில் வாங்கிய சொத்தையும் முடக்கலாம். ஏமாற்றும் நோக்கத்தோடு இன்னொருவருக்கு மாற்றி எழுதியிருந்தால் அப்படி வாங்கியவரின் சொத்தையும் பிடிக்கலாம். தனி நீதிமன்றம் உண்டு, பொறுப்புக்கு ஒரு வருவாய் அதிகாரி உண்டு.

ஆக, மச்சான் பெயரில் எழுதிய சொத்தைத் துரத்திப் பிடிக்க இந்த அரசுக்குத் தெரியும். வட்டிக்குப் போட்டவன் அழுதால் துரத்தும். கூலிக்குத் தைத்தவள் அழுதால் வி.ஏ.ஓ.வை அனுப்பும்.

இன்னும் பெரிய உதாரணம் வேண்டுமா? 1991 ஜூலை முதல் 1996 ஏப்ரல் வரையிலான காலத்தை எடுத்துக்கொண்டு ஜெயலலிதா மீது நடந்த சொத்துக் குவிப்பு வழக்கைப் பாருங்கள். நீலகிரியில் கொடநாடு, செங்கல்பட்டுப் பக்கம் சிறுதாவூரும் பையனூரும், தெற்கே திருநெல்வேலிச் சீமையில் ரிவர்வே அக்ரோ என்ற கம்பெனி பெயரில் நிலம், ஆந்திரத்தில் ஹைதராபாத் திராட்சைத் தோட்டம். எத்தனை சார்பதிவாளர் அலுவலகம், எத்தனை கம்பெனிப் பெயர், எத்தனை பேங்க் கணக்கு! இதையெல்லாம் எந்த மந்திரவாதி மை போட்டுப் பார்த்தான்? ஒருவனுமில்லை. பதிவான கிரயப் பத்திரம், கம்பெனிப் பதிவேடு, பேங்க் ஏடு இவைதான் சாட்சிக்கூண்டில் ஏறின. பேங்க் ஏட்டைக் காட்டச் சொல்ல போலீசுக்குத்தான் முடியும். கிரயப் பத்திரமும் கம்பெனிப் பதிவேடும் அப்படியில்லை. கட்டணம் கட்டினால் யாரும் பார்க்கலாம். வழக்கு 2003-இல் கர்நாடகத்துக்கு மாறியது. 2014 செப்டம்பர் 27-இல் தண்டனை, 2015-இல் விடுதலை, 2017 பிப்ரவரி 14-இல் உச்ச நீதிமன்றம் விசாரணை நீதிமன்றத் தீர்ப்பைத் திரும்ப நிறுத்தியது. ஜெயலலிதா 2016 டிசம்பரிலேயே இறந்துவிட்டதால் மற்ற மூவரும் சிறைக்குப் போனார்கள். 2025 பிப்ரவரியில்தான் நகைகளும் நிலப் பத்திரங்களும் பெங்களூரிலிருந்து தமிழ்நாட்டின் கைக்கு வந்தன. இருபது வருசம் ஆனாலும் ஏடு பேச்சை மாற்றவில்லை.

சிறுதாவூர் என்றதும் நமக்கு இன்னொன்றும் ஞாபகம் வர வேண்டும். 1967-இல் நிலமில்லாத தலித் குடும்பங்களுக்கு ஒப்படை செய்த நிலம் அங்கே பறிபோனது என்ற புகாரை விசாரிக்க 2006-இல் நீதிபதி சிவசுப்பிரமணியம் தலைமையில் ஆணையம் போட்டார்கள். சேரிக்குக் கொடுத்த நிலம் சேரியிடம் தங்குவதில்லை. ஏன்?

ஏனென்றால் ஏடு நம் கையில் இருந்ததில்லை. 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமன்ஹீர் பறையர்களின் நிலையைப் பற்றி அறிக்கை எழுதினார். 1892-இல் பஞ்சமி நில ஆணை வந்தது. பத்து வருசத்துக்கு யாருக்கும் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் தலித் அல்லாதவருக்கு விற்கக் கூடாது. 12 லட்சம் ஏக்கர் என்று நாம் மேடைக்கு மேடை சொல்கிறோம். அந்த நிபந்தனையை எழுதி வைத்த கிராமக் கணக்கு யார் வீட்டுப் பெட்டியில் இருந்தது? பரம்பரைக் கணக்குப்பிள்ளை வீட்டில். 1980 நவம்பரில் அந்தப் பரம்பரைப் பதவி ஒழிக்கப்படும் வரை அங்கேதான் இருந்தது. எழுதியவனும் அவன், அடித்தவனும் அவன், ‘அப்படி ஒரு நிலமே இல்லை’ என்று சான்று கொடுத்தவனும் அவன். அந்த நிலத்தைக் கேட்டுத்தான் 1994 அக்டோபர் 10-இல் செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். ‘சொத்து ஏதுமில்லை’ என்று எழுதும் கை அன்றைக்கே பழகிய கை.

இன்று அந்தப் பெட்டி திறந்து கிடக்கிறது. நாம்தான் எட்டிப் பார்க்கவில்லை.

எட்டிப் பார்க்கும் வழியைச் சொல்கிறேன். மாணவத் தோழர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, கம்பெனி ஓடிக்கொண்டிருக்கும்போதே பெயரைப் பிடியுங்கள். கேட்டில் ஒரு பெயர், அட்டைப்பெட்டியில் ஒரு பெயர், பி.எஃப்.-இல் ஒரு பெயர் இருக்கும். ஜிஎஸ்டி எண்ணைப் போர்டில் எழுதி வைக்க வேண்டும் என்பது விதி. அது 15 இலக்கம். முதல் இரண்டும் மாநிலம்: தமிழ்நாடு 33, கேரளம் 32, கர்நாடகம் 29. அடுத்த பத்தும் அந்த ஆளின் அல்லது கம்பெனியின் பான் எண். ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்தப் பானைக் கொடுத்துத் தேடினால், அதே பானில் எந்தெந்த மாநிலத்தில் பதிவு இருக்கிறது என்று வரிசையாக வரும். மாநில எல்லை தாண்ட இதைவிடச் சுலபமான பாலம் இல்லை. பானின் நாலாவது எழுத்தையும் பாருங்கள்: சி என்றால் கம்பெனி, எஃப் என்றால் கூட்டு வியாபாரம், பி என்றால் தனி ஆள்.

இரண்டாவது, பிரைவேட் லிமிடெட் என்றால் மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சக இணையதளம். டைரக்டர்கள் யார், அவர்கள் வேறு எந்தெந்தக் கம்பெனியில் டைரக்டர் என்பது தெரியும். கட்டணம் கட்டினால் ஆண்டுக் கணக்கையும் பார்க்கலாம். எல்லாவற்றையும்விட அடமானப் பதிவைப் பாருங்கள். கம்பெனி தன் சொத்தை பேங்குக்கு எழுதிக் கொடுத்தால் அதைப் பதிய வேண்டும். அந்தப் படிவத்தில் எந்த ஊர், எந்த சர்வே நம்பர் என்று சொத்து விவரம் இருக்கும். வி.ஏ.ஓ. கண்ணில் படாத காற்றாலை பேங்க் அடமானத்தில் பளிச்சென்று நிற்கும்! கடன் வாங்கும்போது சொத்தைப் பெருக்கிக் காட்டுகிறவன்தான் கூலி கேட்கும்போது கையை விரிக்கிறான். கூட்டு வியாபாரம் என்றால் கூட்டு நிறுவனங்களின் பதிவாளரிடம் ஏடு உண்டு. 1932-ஆம் வருசத்துச் சட்டப்படி அதையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

மூன்றாவது, பத்திரப்பதிவு. வில்லங்கச் சான்று இணையத்திலேயே கிடைக்கிறது. ஆனால் அது சொத்தைச் சொன்னால் வரலாற்றைச் சொல்லும். ஆளைச் சொன்னால் சொத்தைச் சொல்லாது. ஆள் பெயரை வைத்துத் தேடப் பதிவுச் சட்டம் வேறு அட்டவணை வைத்திருக்கிறது. எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயர் வரிசையில் இருக்கும் முதலாம் அட்டவணை. 57-ஆம் பிரிவுப்படி கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம். உயில் இருக்கும் மூன்றாம் புத்தகம் அப்படித் திறந்ததில்லை. ஒவ்வொரு சார்பதிவகமும் தன் எல்லைக்குள் உள்ளதைத்தான் சொல்லும் என்பதால் எந்த ஊர் என்ற துப்பு முதலில் வேண்டும். அதற்குத்தான் மேலே சொன்ன இரண்டும். இன்னொன்று: திருப்பூர் 2009-இல்தான் மாவட்டம் ஆனது. அதற்கு முந்தைய காகிதத்தில் அவிநாசியும் பல்லடமும் உடுமலையும் கோவை மாவட்டம், தாராபுரமும் காங்கயமும் ஈரோடு மாவட்டம் என்றிருக்கும். திகைக்க வேண்டாம்.

நான்காவது, சர்வே நம்பர் கிடைத்ததும் பட்டா, சிட்டா, அ-பதிவேடு. கர்நாடகத்தில் இதற்குப் பெயர் பஹணி, ‘பூமி’ தளத்தில் கிடைக்கும். கேரளத்தில் தண்டப்பேர் எண்ணைப் பிடித்தால் வில்லேஜ் ஆபீசில் வழி திறக்கும்.

ஐந்தாவது, முதலாளி சட்டசபைக்கோ பார்லிமெண்டுக்கோ நின்றவரா? ரொம்ப நல்லது. உச்ச நீதிமன்றத்தின் 2002, 2003 தீர்ப்புகளுக்குப் பிறகு வேட்பாளர் தன் சொத்தையும் மனைவி சொத்தையும் பிரமாணமாக எழுதித் தர வேண்டும். தேர்தல் ஆணையத் தளத்தில் கிடக்கிறது.

இவ்வளவையும் ஒரே தாளில் எழுதுங்கள். ஊர், சர்வே நம்பர், பத்திர எண், யார் பெயர், எந்தத் தேதியில் மாறியது. வழக்குத் தொடுத்த தேதிக்குப் பிறகு சம்சாரத்துக்குத் தானமாக எழுதியிருந்தால் சிவப்பு மையில் கோடு போடுங்கள். கடன்காரரை ஏமாற்றுவதற்காகச் செய்த கைமாற்றத்தை ரத்து செய்யக் கேட்க 1882-ஆம் வருசத்துச் சொத்து மாற்றச் சட்டத்தில் 53-ஆம் பிரிவு இருக்கிறது. சிவில் கோர்ட்டு டிகிரி என்றால், கடனாளியையே தன் சொத்துப் பட்டியலைச் சத்தியப் பிரமாணமாகத் தரச் சொல்லலாம். தர மறுத்தால் மூன்று மாதம் வரை சிவில் சிறை. கம்பெனி திவாலுக்குப் போனால் கடைசி 24 மாதத்துத் தொழிலாளர் பாக்கி, அடமானம் வாங்கிய பேங்கோடு சமவரிசையில் நிற்கும். அறிவிப்பு பேப்பரில் வரும்போதே மனுவைப் போடுங்கள்.

எச்சரிக்கையும் உண்டு. ‘அண்ணா, நீங்க பேங்க்லதானே இருக்கீங்க, அவன் அக்கவுண்ட்ல எவ்வளவு கெடக்குன்னு பாத்துச் சொல்லுங்க’ என்று என்னிடம் வருகிறார்கள். சொல்ல மாட்டேன். அது திருட்டு. திறந்த ஏட்டில் கிடைப்பதே போதும். திருடிய காகிதம் கோர்ட்டில் நம் கழுத்துக்கே சுருக்காகும். பட்டியலை வாட்ஸப்பில் சுற்ற விடாதீர்கள், யார் வீட்டு வாசலிலும் போய் நிற்காதீர்கள். அது கலெக்டர் மேசைக்கும் நீதிபதி மேசைக்கும் உரியது. சம்சாரம் பெயரில் இருப்பதெல்லாம் முதலாளி சொத்து என்றும் கத்தாதீர்கள். பணம் எங்கிருந்து போனது, எப்போது மாறியது என்று காட்ட வேண்டும்.

கதவு மூடிக்கொண்டும் வருகிறது. 2023-இல் போட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தியது. அந்தத் திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ‘தனிநபர் தகவல்’ என்ற ஒரே வார்த்தையைச் சொல்லித் தகவல் அதிகாரி நம்மைத் திருப்பி அனுப்பலாம். நம் சாதிச் சான்று, நம் ரேஷன், நம் கைரேகை எல்லாம் அவர்கள் படிக்கும் பாடப்புத்தகம். அவர்கள் சொத்து மட்டும் தனிநபர் தகவல்! பதிவுச் சட்டம், கம்பெனிச் சட்டம் வழியாகப் பார்க்கும் உரிமை தனி உரிமை, அது இன்னும் நிற்கிறது. பயன்படுத்தாத உரிமையைப் பறிப்பது சுலபம் என்பதால்தான் இப்போதே பயன்படுத்தச் சொல்கிறேன்.

‘இது குமாஸ்தா வேலை, போராட்டமில்லை’ என்று சில தோழர்கள் முகம் சுளிக்கிறார்கள். அரசு எந்திரத்தின் காகிதத்தை நம்புவது சீர்திருத்தவாதமாம். மஹத் சவுதார் குளத்தில் பாபாசாகேப் தண்ணீர் குடித்தது 1927-இல். சாதி இந்துக்கள் குளம் தங்களுடையது என்று கோர்ட்டுக்குப் போனார்கள். காலங்காலமான வழக்கம் என்பதை அவர்கள் நிரூபிக்கவில்லை என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 1937-இல் சொன்னது. பத்து வருசம் பாபாசாகேப் அந்த வழக்கை விடவில்லை. தண்ணீரை அள்ளிய கைதான் கோர்ட்டுக் காகிதத்தையும் புரட்டியது. பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாண நிதியைப் பற்றி அவர் எழுதிய ஆய்வு முழுக்கக் கணக்கேடுகளில் விளைந்தது. அவரைவிடப் பெரிய புரட்சிக்காரர்களா நீங்கள்? 1984-இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலை நிறுத்தம் செய்த ஊர் இது. தெருவுக்கு வந்து கேட்கத் திருப்பூருக்கு யாரும் கற்றுத் தர வேண்டாம். கேட்டதை வாங்கி முடிப்பதில்தான் தோற்கிறோம்.

கேட்க வேண்டியவை இரண்டு. முதலீட்டாளருக்குக் கொடுத்த சட்டப் பாதுகாப்பைக் கூலி பாக்கிக்கும் பணிக்கொடைக்கும் கொடு. வேறு பெயருக்கு மாற்றிய சொத்தை முடக்கும் அதிகாரத்தோடு, தனி நீதிமன்றத்தோடு கொடு. இரண்டாவது, ‘சொத்து ஏதுமில்லை’ என்று எழுதும் அதிகாரி எந்தெந்த ஏட்டை எந்தத் தேதியில் பார்த்தார் என்று கூடவே எழுத வேண்டும். பார்க்காமல் எழுதினால் அவர் சம்பளத்தில் பிடி.

அதுவரை நாம் செய்யக்கூடியதை நாமே செய்வோம். ஒவ்வொரு சங்கத்திலும் ஐந்து பேர் போதும்: இரண்டு தொழிலாளி, இரண்டு மாணவர், ஒரு வக்கீல். மூடும் வாடை அடிக்கும் கம்பெனியின் பட்டியலை முன்னாலேயே தயார் செய்யுங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் வெறும் மனுவோடு போகாதீர்கள். உத்தரவின் நகல், சொத்துப் பட்டியல், 1890-ஆம் வருசச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு மூன்றையும் பின் செய்து கொடுங்கள். இன்ன மாவட்டக் கலெக்டருக்கு இன்ன சர்வே நம்பருக்குச் சான்று அனுப்பு என்று எழுதிக் கேளுங்கள். அனுப்பும் வரை ஒவ்வொரு திங்களும் அதே வரிசையில் போய் நில்லுங்கள், நூறு பேராக.